கடலில் 32 கிலோ, கழிவறை வழியே 267 கிலோ: விமான நிலையத்தின் ‘உள்ளாள்’ ஆபத்து

2023-ம் ஆண்டு மே மாதக் கடைசி. மன்னார் வளைகுடாவில் மண்டபம் பக்கம் கடலோரக் காவல் படையும் வருவாய் புலனாய்வுத் துறையும் சேர்ந்து இலங்கையில் இருந்து தங்கம் கடத்தி வந்த படகுகளை மடக்கின. ஒரு படகில் இருந்தவர்கள் தங்கத்தைக் கடலில் வீசிவிட்டார்கள். ஸ்கூபா வீரர்கள் இறங்கி, கடலடியில் தேடி அதை எடுத்தார்கள். மொத்தம் 32 கிலோவுக்கு மேல். மதிப்பு 20 கோடி ரூபாயைத் தாண்டியது. ராமநாதபுரம் கடற்கரையில் பிடிபட்ட பெரிய தங்க வேட்டைகளில் அதுவும் ஒன்று.

அடுத்த ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் சென்னை விமான நிலையத்தில் இருந்து ஒரு செய்தி வந்தது. 2 மாதத்தில் 267 கிலோ தங்கம் வெளியே போயிருக்கிறது, மதிப்பு 167 கோடி ரூபாய் என்றது சுங்கத்துறை. படகு இல்லை, இருட்டு இல்லை, கடலில் வீச வேண்டிய அவசியமும் இல்லை. துப்பாக்கி ஏந்திய பாதுகாப்புப் படை, ஸ்கேனர், சிசிடிவி என்று எல்லாம் இருக்கிற ஒரு கட்டடத்துக்குள் பட்டப்பகலில் நடந்தே கொண்டு போயிருக்கிறார்கள்.

எப்படி முடிந்தது? ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம்: உள்ளாள்.

கழிவறையில் என்ன நடந்தது?

சுங்கத்துறை சொன்ன கதை இதுதான். வளைகுடா நாடுகளில் இருந்து சென்னை வழியாக இலங்கைக்குப் போகிற பயணிகள் தங்கத்தை உடலுக்குள் மறைத்துக் கொண்டு வருவார்கள். இவர்கள் ‘டிரான்சிட்’ பயணிகள். சென்னையில் இறங்கினாலும் ஊருக்குள் வரப்போவதில்லை. அடுத்த விமானம் வரும் வரை உள்ளேயே காத்திருந்துவிட்டு, கொழும்புக்குப் போய்விடுவார்கள். அதனால் சென்னையில் சுங்கச் சோதனைக்கு நிற்க வேண்டியதில்லை.

காத்திருக்கும் நேரத்தில் கழிவறைக்குப் போய், தங்கத்தை அங்கே வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். சர்வதேச முனையத்தின் புறப்பாடு பகுதியிலேயே பரிசுப் பொருட்கள் விற்கும் கடை ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் ஒரு யூடியூபர். அந்தக் கடையின் ஊழியர் கழிவறைக்குப் போய் தங்கத்தை எடுப்பார், தன் உடலுக்குள் மறைப்பார், ஊழியர்கள் போகிற வழியில் வெளியே போவார். வெளியே வாங்கிக்கொள்ள ஆள் காத்திருக்கும்.

கடைக்காரர், ஊழியர்கள் 7 பேர், இலங்கைப் பயணி ஒருவர் என 9 பேரை சுங்கத்துறை கைது செய்தது. பின்னால் இருந்தது இலங்கையைச் சேர்ந்த கும்பல் என்றும், கடைத் தரப்புக்கு 3 கோடி ரூபாய் அளவுக்கு கமிஷன் கிடைத்தது என்றும் சொன்னது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. யாரும் சுவர் ஏறிக் குதிக்கவில்லை. யாரும் போலி அட்டை காட்டவில்லை. கடை ஊழியர்கள் கழுத்தில் இருந்தது, விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பிரிவு (சுருக்கமாக பிசிஏஎஸ்) முறைப்படி அனுமதித்த அசல் அட்டை.

இவ்வளவு செக்கிங் இருந்தும் எப்படி?

விமான நிலையத்தில் நம்மைச் சோதிக்கிற இடங்கள் ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்காக அமைக்கப்பட்டவை. மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படை, அதாவது சிஐஎஸ்எஃப், தேடுவது ஆயுதத்தையும் வெடிபொருளையும். சுங்கத்துறை தேடுவது வரி கட்டாமல் நாட்டுக்குள் வரும் பொருளை. குடியேற்றப் பிரிவு பார்ப்பது ஆளையும் பாஸ்போர்ட்டையும்.

சென்னை விவகாரத்தில் இந்தக் கேள்விகளுக்கு நடுவே இருந்த இடுக்குதான் பயன்பட்டது. தங்கம் கொண்டு வந்த பயணி ஊருக்குள் வரவில்லை. அதனால் அவர் சுங்கத்தின் வழியில் குறுக்கிடவே இல்லை. ஊருக்குள் வந்த ஊழியர் வெளிநாட்டில் இருந்து வரவில்லை. அதனால் அவரும் சுங்கத்தின் கண்ணில் ‘பயணி’ இல்லை. இரண்டு பேரும் அவரவர் வாசலில் சுத்தம். இரண்டு பேரும் சந்தித்த அந்த ஒரு இடம்தான் ஓட்டை.

இது சென்னைக்கு மட்டும் உரிய கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2014-ல் அமெரிக்காவின் அட்லாண்டா விமான நிலையத்தில் இதே சூத்திரம். பயணி வெறுங்கையோடு சோதனையைத் தாண்டி உள்ளே போனார். விமான நிறுவனத்தில் மூட்டை ஏற்றும் ஊழியர், ஊழியர் வாசல் வழியாகத் துப்பாக்கிகளை உள்ளே கொண்டு வந்தார். உள்ளே கைமாறியது. 100-க்கும் அதிகமான துப்பாக்கிகள் பயணிகள் விமானத்தில் நியூயார்க் போய்ச் சேர்ந்தன. அப்போது அங்கே பல ஊழியர் வாசல்களில் முழுச் சோதனை கிடையாது. அட்டையைத் தேய்த்தால் கதவு திறக்கும், அவ்வளவுதான்.

“தங்கம்தானே, குண்டா என்ன?”

பலர் இப்படித்தான் சொல்வார்கள். ‘கவர்ன்மென்ட்டுக்கு வரி போச்சு, நமக்கென்ன?’ என்ற நினைப்பு. பிரச்சினை என்னவென்றால், பாதைக்குத் தங்கம், குண்டு என்ற வித்தியாசம் தெரியாது. கூலி வாங்கிக்கொண்டு பொட்டலம் சுமப்பவருக்கு உள்ளே இருப்பது என்ன என்று பல நேரம் தெரியவே தெரியாது.

2016 பிப்ரவரி 2-ம் தேதி சோமாலியாவின் மொகதிஷு நகரில் இருந்து டாலோ ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று கிளம்பியது. சில நிமிடங்களில் நடுவானில் குண்டு வெடித்து, விமானத்தின் பக்கவாட்டில் ஓட்டை விழுந்தது. விமானம் இன்னும் அதிக உயரத்துக்குப் போகாததால் பத்திரமாகத் திரும்பியது. இறந்தது குண்டு கொண்டு போனவர் மட்டுமே. பிறகு சிசிடிவியைப் போட்டுப் பார்த்தால், சோதனையைத் தாண்டிய பகுதியில் மடிக்கணினி போன்ற பொருளை அந்த நபர் கையில் கொடுத்தவர்கள் விமான நிலையத்தில் வேலை பார்த்தவர்கள்.

சென்னையிலும் அட்லாண்டாவிலும் பார்த்த அதே முறை. கைமாறிய பொருள் மட்டும் வேறு.

உள்ளாள் என்றால் யார்?

சினிமாவில் வருகிற மாதிரி முகத்தில் தழும்போடு ஒருத்தர் வரமாட்டார். நடந்த சம்பவங்களை வைத்துப் பார்த்தால் நான்கு விதமான ஆட்கள் தெரிகிறார்கள்.

முதலாவது, பணத்துக்கு மயங்குபவர். இவர் கீழ்மட்ட ஊழியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2018 ஆகஸ்ட்டில் திருச்சி விமான நிலையத்தில் சிபிஐ நடத்திய சோதனையில், தங்கக் கடத்தலுக்கு உடந்தை என்ற புகாரில் சுங்கத்துறையினர் 6 பேர் உள்பட 19 பேர் கைதானார்கள். பிடிக்க வேண்டியவர்கள் மீதே புகார். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று ஊரில் சொல்வது இதைத்தான். 2024 மே மாதம் கேரளாவின் கண்ணூரில், உடலுக்குள் சுமார் 1 கிலோ தங்கத்தை மறைத்து வந்ததாக விமானப் பணிப்பெண் ஒருவர் கைதானார்.

இரண்டாவது, கொள்கை வெறியில் உள்ளே இருப்பவர். பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தில் கணினிப் பிரிவில் வேலை பார்த்த ரஜீப் கரீம், பயங்கரவாதிகளோடு தொடர்பு வைத்து விமானத் தாக்குதலுக்குத் திட்டம் போட்ட வழக்கில் 2011-ல் 30 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். ஆபீஸில் அமைதியான ஐடி ஊழியர், அவ்வளவே.

மூன்றாவது, மனம் வெதும்பியவர். 1987 டிசம்பர் 7-ம் தேதி அமெரிக்காவில் பிஎஸ்ஏ 1771 விமானம் விழுந்து 43 பேர் இறந்தார்கள். திருட்டுப் புகாரில் வேலையை விட்டு நீக்கப்பட்ட விமான நிறுவன ஊழியர் டேவிட் பர்க், திருப்பி வாங்கப்படாத தன் அடையாள அட்டையைக் காட்டி, துப்பாக்கியோடு ஏறியிருந்தார். தன்னை நீக்கிய மேலாளரும் அதே விமானத்தில் பயணம் செய்தார். வேலை போன அன்றே அட்டையை வாங்கியிருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும். 2018 ஆகஸ்ட்டில் சியாட்டில் விமான நிலையத்தில் தரைப்பணி ஊழியர் ஒருவர் பயணிகள் இல்லாத விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு பறந்து, ஒரு தீவில் விழுந்து இறந்தார். அவரிடம் முறையான அட்டை இருந்தது. விமானத்தைத் தொட்டு வேலை செய்வதுதான் அவர் பணி. எந்த ஸ்கேனர் அவரைப் பிடித்திருக்கும்?

நான்காவது ஆள்தான் அதிகம். தெரியாமல் உதவுபவர். ‘நம்ம பையன்தானே’ என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். ‘சார்கூட வந்தவங்க’ என்றதும் சோதனையைத் தளர்த்துபவர். 2025 மார்ச்சில் பெங்களூரு விமான நிலையத்தில் கன்னட நடிகை ரன்யா ராவ் 14 கிலோவுக்கும் அதிகமான தங்கத்தோடு கைதான வழக்கில், விஐபிக்களுக்குக் கிடைக்கும் போலீஸ் மரியாதையைப் பயன்படுத்தி சோதனையைத் தவிர்த்தார் என்பதே குற்றச்சாட்டு. அட்டை மட்டுமே சாவி என்று இல்லை. மரியாதையும் ஒரு சாவிதான்.

தமிழ்நாட்டின் பழைய காயம்

1984 ஆகஸ்ட் 2-ம் தேதி இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்து சுமார் 30 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இலங்கையைச் சேர்ந்த பயணிகள். கொழும்பு விமானத்தில் போக வேண்டிய பெட்டிகள் அவை. பெட்டியைக் கொடுத்தவர் விமானத்தில் ஏறவில்லை. பெட்டிகள் இங்கேயே தங்கிவிட்டன. கொழும்பில் வெடிக்க வேண்டும் என்று போட்ட திட்டம் மீனம்பாக்கத்தில் வெடித்தது.

11 மாதங்கள்கூட ஆகவில்லை. 1985 ஜூன் 23-ம் தேதி ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ விமானம் அட்லாண்டிக் கடல் மீது வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தார்கள். அதிலும் பெட்டி மட்டும் ஏறியது, ஆள் ஏறவில்லை.

ஆள் ஏறாவிட்டால் பெட்டியும் இறங்க வேண்டும் என்ற விதி உலகம் முழுக்க இறுகியது இப்படிப்பட்ட சாவுகளுக்குப் பிறகுதான். யாராவது ஒருத்தர் வராமல் போனால், அவர் பெட்டியைத் தேடி இறக்கும் வரை மற்றவர்கள் உள்ளே உட்கார்ந்து எரிச்சலோடு வாட்ச்சைப் பார்க்கிறோம் இல்லையா? அந்த அரை மணி நேரத்துக்குப் பின்னால் இவ்வளவு பேர் இருக்கிறார்கள்.

இந்தியாவின் பாதுகாப்பு அமைப்பே இப்படித்தான் வளர்ந்தது. கனிஷ்காவுக்குப் பிறகு, 1987-ல் பிசிஏஎஸ் தனித் துறை ஆனது. 1999-ல் காத்மாண்டுவில் இருந்து ஐசி 814 விமானம் கடத்தப்பட்டதற்குப் பிறகு, 2000-ம் ஆண்டில் இருந்து விமான நிலையங்கள் சிஐஎஸ்எஃப் கைக்கு வந்தன. ஒவ்வொரு கதவும் நேற்று நடந்ததைத் தடுக்கப் போட்ட கதவு. உள்ளாள் தேடுவது, இன்னும் யாரும் கதவு போடாத இடத்தை.

போலீஸ் வெரிஃபிகேஷன் போதாதா?

விமான நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தால் நுழைவு அட்டை வாங்க வேண்டும். அதற்கு முன்பு பின்னணி விசாரணை நடக்கும். எந்தெந்தப் பகுதிக்குள் போகலாம் என்று அட்டையிலேயே குறித்திருக்கும். நல்ல ஏற்பாடுதான். இது இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்.

ஆனால் விசாரணை பார்ப்பது கடந்த காலத்தை. நேற்று வரை எந்தத் தப்பும் செய்யாத 22 வயதுப் பையன் மேல் என்ன வழக்கு இருக்கும்? அவனுக்கு அட்டை கிடைப்பது நியாயம். அட்டை கையில் வந்த பிறகுதான் அவனை யாராவது தேடி வருவார்கள். அட்டை இல்லாதவனிடம் யாருக்கு என்ன வேலை?

இன்னொன்று, அட்டையைப் படிக்கிற கதவுக்கு ஒரு விஷயம்தான் தெரியும்: இந்த நபருக்கு இங்கே அனுமதி உண்டா, இல்லையா? இன்றைக்கு ஏன் ஏழாவது தடவை அந்தப் பக்கம் போகிறான் என்று கதவு கேட்காது. அதைக் கேட்க மனிதர் வேண்டும்.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 267 கிலோவுக்கு 167 கோடி என்றால் 1 கிலோ சுமார் 62 லட்சம் ரூபாய். அப்போது தங்கத்துக்கு இறக்குமதி வரி 15%. ஆக, ஒவ்வொரு கிலோவிலும் 9 லட்சம் ரூபாய்க்கு மேல் வரி மிச்சம். மொத்தத்தில் சுமார் 25 கோடி. அந்தப் பணத்தில் கொஞ்சத்தைக் கிள்ளிக் கொடுத்தாலே, ஒப்பந்த ஊழியருக்கு அது பல மாதச் சம்பளம். 2024 ஜூலை பட்ஜெட்டில் மத்திய அரசு வரியை 6% ஆகக் குறைத்தது. கடத்தல் லாபம் விழுந்தது. ஆனால் 2025-ல் தங்கம் 10 கிராம் 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. 1 கிலோ 1 கோடி. 6% என்றாலும் கிலோவுக்கு 6 லட்சம். ஆசை காட்ட அது போதாதா?

அப்போ என்னதான் வழி?

முழுத் தீர்வு கிடையாது. இதை ஒப்புக்கொள்வதில் இருந்துதான் தொடங்க வேண்டும். விமானத்தைத் துடைக்கிறவர் விமானத்துக்குள் போயாக வேண்டும். எரிபொருள் நிரப்புகிறவர் இறக்கைக்குக் கீழே நின்றாக வேண்டும். ஆயிரக்கணக்கான பேர் உள்ளே போய் வந்தால்தான் விமான நிலையம் ஓடும். கழிவறைக்குள் கேமரா வைக்க முடியாது, வைக்கவும் கூடாது.

ஆனால் தப்பு செய்வதைக் கடினமாக்க முடியும். எப்போது, யாரை என்று முன்கூட்டியே தெரியாதபடி ஊழியர்களையும் சோதிக்கலாம். அட்டை எந்தக் கதவில் எத்தனை தடவை பதிவாகிறது என்பதைக் கணினி தினமும் அலசலாம். ஒரே ஆளை ஒரே இடத்தில் மாதக்கணக்கில் போடாமல் மாற்றலாம். வேலையை விட்டவரின் அட்டை அதே நிமிடம் செத்துப்போக வேண்டும். உள்ளே கடை எடுப்பவருக்கு முதல் போடுவது யார் என்று கடைசிவரை தோண்டிப் பார்க்க வேண்டும்.

இவற்றைவிட மலிவான வழி ஒன்று உண்டு: பக்கத்தில் வேலை பார்ப்பவர். புதுசாக வந்த பையன் திடீரென்று விலை உயர்ந்த பைக் வாங்கியதும், ஷிஃப்ட் முடிந்தும் சுற்றிக்கொண்டே இருப்பதும் கேமராவுக்கு முன்னால் அவர் கண்ணில்தான் படும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2021-ம் ஆண்டை ‘பாதுகாப்புப் பண்பாட்டு ஆண்டு’ என்று அறிவித்ததன் அர்த்தமும் இதுதான். ஆனால் பார்த்தவர் சொல்ல வேண்டுமே! ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று போகாமல் இருக்க, சொன்னவர் பெயர் வெளியே வராது என்ற நம்பிக்கை வேண்டும். குறைந்த சம்பளம், எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம் என்ற ஒப்பந்தம், மேலதிகாரியின் ஏச்சு. இவ்வளவையும் கொடுத்துவிட்டு விசுவாசத்தை மட்டும் எதிர்பார்த்தால் எப்படிக் கிடைக்கும்?

கமுதிக்கு இதில் என்ன?

கமுதியில் இருந்து தெற்கே போனால் சாயல்குடி, அதைத் தாண்டினால் கடல். மேற்கே அருப்புக்கோட்டை போய்த் திரும்பினால், அதே ரோட்டில் மதுரை விமான நிலையம். கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடி பக்கம் வளைகுடாவுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் போய் வருகிறவர்கள் இல்லாத தெரு குறைவு. 2025-26 பட்ஜெட்டில் ராமேஸ்வரத்துக்கும் விமான நிலையம் என்று தமிழக அரசு அறிவித்தது. அது வந்தால் கடை, டிராலி, மூட்டை, துப்புரவு, டிக்கெட் கவுன்ட்டர் என்று வேலைகள் வரும். அட்டை மாட்டப் போவது நம்மூர்ப் பிள்ளைகள்தான்.

கடல் வழியை இறுக்கினால் கடத்தல் ஆகாய வழியைத் தேடும், ஆகாய வழியை இறுக்கினால் கடலுக்குத் திரும்பும். இரண்டுக்கும் ஆள் தேடுகிற இடம் ஒன்றாக இருந்துவிடக் கூடாது.

அதனால் இந்த வேலைக்குப் போகிறவர்கள் சிலவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அட்டையில் இன்னொருவர் உள்ளே போகக் கூடாது, அவர் சூப்பர்வைசராகவே இருந்தாலும். உள்ளே யார் எதைக் கொடுத்து ‘வெளியில ஒருத்தர் வாங்கிக்குவார்ப்பா’ என்றாலும் வாங்காதீர்கள். ‘ஒரே ஒரு தடவைதான்’ என்பார்கள். அந்த ஒரு தடவைக்குப் பிறகு மறுக்கிற உரிமை உங்களிடம் இருக்காது, அவர்கள் கையில் உங்கள் ரகசியம் இருக்கும்.

பயணிகளுக்கும் இது பொருந்தும். துபாயில் ரூமில் கூட இருந்தவர், ‘ஊர்ல தம்பி வந்து வாங்கிக்குவான்’ என்று கொடுக்கிற பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் சுமந்து வருபவரைத்தான் ‘குருவி’ என்கிறார்கள். பிடிபடுவது குருவி, பறப்பது முதலாளி.

சட்டம் இதில் ‘தெரியாமல் செய்தேன்’ என்பதை எளிதில் நம்பாது. 1962-ம் ஆண்டு சுங்கச் சட்டத்தில் 7 ஆண்டு வரை சிறை உண்டு. 1974-ம் ஆண்டு காஃபிபோசா சட்டத்தில் விசாரணை முடியும் முன்பே தடுப்புக் காவலில் வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு தடவை வழக்கு பதிவானால் பின்னணி விசாரணையில் அது தெரியவரும். பிறகு விமான நிலையத்தில் அட்டை கிடைப்பது கடினம், பாஸ்போர்ட்டுக்கும் சிக்கல் வரலாம்.

மாறாக, தகவல் சொல்பவர் பெயரை ரகசியமாக வைத்து சன்மானம் தருகிற ஏற்பாடு சுங்கத்துறையிலும் வருவாய் புலனாய்வுத் துறையிலும் இருக்கிறது. விமான நிலையத்தில் வேலைக்குச் சேரும் முதல் நாளே, யாரிடம், எப்படிச் சொல்ல வேண்டும் என்பதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கேட்டால் அதிகாரிகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.